பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தின நிகழ்ச்சியில், சங்கத்தின் குடும்பநலக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





பொன்விழா மேடையில் மணவிலக்கைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். கல்யாணம், கல்வி நிதி, ஜனாஸா உதவி, ரமலான் கஞ்சி என்று பெருமையோடு சொல்லிக்கொள்ள நம் சங்கத்திற்கு எத்தனையோ இருக்கின்றன. ஆனால், நம் குழுவிடம் ஆலோசனை கேட்டு வரும் குடும்பங்களில் பலவற்றின் கேள்வி ஒன்றேதான். மணவிலக்கு முடிந்துவிட்டது. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதும் ஒருவாறு முடிவாகிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்த ஏற்பாடு மாறுகிறது. மகன் தகப்பனிடம் போகிறான், அல்லது வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே என்று ஆகிறது, அல்லது தாய் மறுமணம் செய்கிறார். அப்போது, "இனி மாதாமாதம் கொடுத்து வந்த பணம் என்ன ஆகும்?" என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாததால் உறவுகள் இரண்டாம் முறை முறிவதை நாம் காண்கிறோம். முதல் முறிவில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். இரண்டாம் முறிவில் பிள்ளையும் தகப்பனும் பிரிகிறார்கள், அல்லது பிள்ளையும் தாயும் பிரிகிறார்கள். ஆகவே இதைக் குடும்ப தினத்தில் பேசுவதே பொருத்தம் என்று முடிவு செய்தோம்.

இரண்டு வீடு நமக்குப் புதிது அல்ல

நாம் இந்தத் துறைமுகத்தின் மக்கள். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய ஊர் இது. நம் பாட்டன்மார்களில் பெரும்பாலோர் ரஜூலா போன்ற கப்பல்களில் தனியாக வந்து இந்த நாட்டில் இறங்கியவர்கள். மனைவி மக்கள் நாகூரிலும், கூத்தாநல்லூரிலும், கீழக்கரையிலும், இராமநாதபுரத்து ஊர்களிலும் இருந்தார்கள். இங்கே கடையிலோ, கிடங்கிலோ, துறைமுகக் கூலியாகவோ, கிராணியாகவோ வேலை பார்த்துக்கொண்டு, மாதம் பிறந்தால் மணி ஆர்டர் எழுதினார்கள். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். உண்டியல் வழியாக அனுப்பினார்கள்.

அந்தப் பிள்ளைகள் தகப்பன் முகத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்த்தார்கள். இருந்தும், "பிள்ளை என் வீட்டில் இல்லையே, நான் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?" என்று எந்த அத்தாவும் எந்த வாப்பாவும் கேட்டதில்லை. பிள்ளை உம்மம்மா வீட்டில் வளர்ந்தாலும், சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாலும் பணம் பிள்ளையைத் தேடிப் போனது.

அவர்கள் மணவிலக்குப் பெற்றவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் அவர்கள் வாழ்ந்து காட்டிய நெறியைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம். பிள்ளை உறங்குகிற வீடு மாறலாம். பிள்ளையின் செலவுக்குப் பொறுப்பானவர் அதனாலேயே மாறிவிடுவதில்லை.

மார்க்கமும் சட்டமும் சொல்வது

அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தை உலமாக்கள் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் முறைப்படி தகப்பனின் பொறுப்பு என்று அது சொல்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு கூடாது, தகப்பனுக்கும் தீங்கு கூடாது என்கிறது. பால்குடியை நிறுத்துவது போன்ற முடிவைக்கூட இருவரும் கலந்து பேசி, மனம் ஒத்து எடுக்க வேண்டும் என்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம், வசதி உள்ளவர் வசதிக்கேற்பவும், கை நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் தந்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்று அளவைக் காட்டுகிறது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு, மாற்றம் வரும்போது எப்படி முடிவெடுப்பது என்ற மூன்றுக்கும் வழி கிடைக்கிறது.

நம் மாநிலத்தில் இதற்கு உரிய சட்டம், 2003-ஆம் ஆண்டின் சிலாங்கூர் இஸ்லாமியக் குடும்பச் சட்டம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு 1984-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசச் சட்டம். இரண்டும் இந்த விஷயத்தில் ஒரே பாதையில்தான் செல்கின்றன. பிள்ளைகள் தகப்பனின் பராமரிப்பில் இருந்தாலும் சரி, வேறு யாருடைய பராமரிப்பில் இருந்தாலும் சரி, அவர்களுக்கு இருப்பிடம், உடை, உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றைத் தன் வசதிக்கும் நிலைக்கும் தக்கபடி கொடுப்பது தகப்பனின் கடமை. உடன்பாடோ நீதிமன்ற ஆணையோ வேறுவிதமாகச் சொன்னாலன்றி இதுவே விதி. "வேறு யாருடைய பராமரிப்பில் இருந்தாலும்" என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பேசுவதெல்லாம் அதன் விரிவுரைதான்.

ஷரியா நீதிமன்றத்தில் இரண்டு சொற்களைக் கேட்பீர்கள். ஒன்று ஹளானா. அதாவது பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை. மற்றொன்று நஃபகா. அதாவது பிள்ளையின் பராமரிப்புச் செலவு. இவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஹளானா முதலில் தாய்க்கு, அடுத்துத் தாயின் தாய்க்கு என்று வரிசையாகச் செல்கிறது. நஃபகாவோ தகப்பனிடமே நிற்கிறது. தகப்பன் இறந்துவிட்டாலோ, காணாமல் போனாலோ, கொடுக்க இயலாதவராக இருந்தாலோதான் ஷரீஅத்தின்படி அடுத்த பொறுப்பாளர்களிடம் செல்கிறது.

7, 9 என்ற வயதுகள்

ஏற்பாடு மாறுகிற முதல் கட்டம் பிள்ளையின் வயதால் வருகிறது. சட்டப்படி தாயின் ஹளானா உரிமை ஆண் பிள்ளைக்கு 7 வயது வரையிலும் பெண் பிள்ளைக்கு 9 வயது வரையிலும் உண்டு. தாய் விண்ணப்பித்தால் நீதிமன்றம் அதை 9 ஆகவும் 11 ஆகவும் நீட்டித்துத் தரலாம். அதன் பிறகு உரிமை தகப்பனிடம் போகிறது. ஆனால் பிள்ளை முமய்யிஸ், அதாவது நல்லது கெட்டது பிரித்தறியும் பக்குவத்தை அடைந்திருந்தால், யாரிடம் இருப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டால்தான் அது மாறும்.

நம் சபையில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்து இருக்கிறோம். கடற்கரை ஊர்க்காரர்களில் பலர் ஷாஃபிஈ. ராவுத்தர் குடும்பங்களில் பலர் ஹனஃபி. "எங்கள் மத்ஹபில் அப்படி இல்லையே" என்று இரு பக்கமும் சொல்வதுண்டு. இந்தச் சட்டத்தைக் கவனித்தால், 7, 9 என்ற வயதுகள் ஹனஃபி நூல்களில் காணப்படும் வயதுகள் என்பதும், பிள்ளைக்குத் தேர்வு கொடுப்பது ஷாஃபிஈ வழி என்பதும் விளங்கும். ஆக இரண்டு வீட்டாரும் இதை அந்நியமாகக் கருத வேண்டியதில்லை.

தேர்வைப் பற்றி ஒரு செய்தி. ஒரு தாய் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் முன்னாள் கணவர் மகனை அழைத்துக்கொள்ள விரும்புவதாகவும், அந்த மகன் தனக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து உதவுகிறான் என்றும் முறையிட்டதாக அபூதாவூதில் வருகிறது. நபியவர்கள் அந்தச் சிறுவனிடம், தாயும் தகப்பனும் இங்கே நிற்கிறார்கள், விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள் என்றார்கள். அவன் தாயின் கையைப் பிடித்தான். அங்கே யாரும் அந்தச் சிறுவனிடம் விலை பேசவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், இக்காலத்தில் விலை பேசப்படுகிறது. "என்னிடம் வந்தால் கைப்பேசி வாங்கித் தருகிறேன்" என்று ஒரு பக்கம். "நீ போய்விட்டால் உன் அத்தா தங்கச்சிக்குக் கொடுக்கிற பணத்தை நிறுத்திவிடுவார்" என்று மறுபக்கம். 12 வயதுப் பிள்ளையின் தலையில் வீட்டு வாடகையை ஏற்றிவைத்துவிட்டு, அவன் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்வது நியாயம் இல்லை. பிள்ளை கையைப் பிடிக்கும்போது பணக்கணக்கு அவன் காதில் விழாதபடி பார்த்துக்கொள்வது பெரியவர்கள் கடமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாள்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில்தான் அதிகக் குழப்பம் வருகிறது. ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய கதையும் அல்ல, கணக்குக்காக நாம் அமைத்தது.

பண்டமாரானில் தாயும் இரண்டு பிள்ளைகளும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாதச் செலவு: வாடகை 600 ரிங்கிட், தண்ணீர் மின்சாரம் 150, சாப்பாடு 700, பள்ளி வேன் 150, ஓதும் பள்ளியும் டியூஷனும் 150, உடை மருந்து மற்றவை 150. மொத்தம் 1,900. நீதிமன்ற ஆணைப்படி தகப்பன் 800 கொடுக்கிறார். மீதி 1,100-ஐ வேலைக்குப் போகும் தாய் போட்டுக்கொள்கிறார்.

பிறகு, வாரத்தில் மூன்று இரவு பிள்ளைகள் தகப்பனிடம் தங்குவது என்று பேசி முடிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. பிள்ளைகளுக்குத் தகப்பன் நிழலும் வேண்டும். ஆனால் தகப்பன், "ஏறக்குறையப் பாதி நாள் என்னிடம் இருக்கிறார்கள், பாதிப் பணம்தான் கொடுப்பேன்" என்று 400 ஆகக் குறைத்துவிடுகிறார்.

இப்போது பாருங்கள். மூன்று இரவு பிள்ளைகள் இல்லாததால் தாய்க்கு எது குறைந்தது? வாடகை குறையவில்லை. மூன்று நாளைக்கு வீட்டுக்காரர் வாடகையைத் தள்ளுபடி செய்வதில்லை. வேன்காரரும் குறைப்பதில்லை. டியூஷன் கட்டணமும் அப்படியே. சாப்பாட்டில் ஏழில் மூன்று பங்கு, அதாவது 300 ரிங்கிட் குறைந்தது. செலவு 1,600 ஆயிற்று. தகப்பன் தருவது 400. தாயின் பங்கு 1,200. முன்பைவிட 100 அதிகம். தகப்பனுக்கோ 400-உடன் சாப்பாட்டுச் செலவு 300 சேர்ந்து 700. முன்பைவிட 100 குறைவு. பிள்ளைகள் சாப்பிட்ட சோற்றில் ஒரு பிடியும் மாறவில்லை. 100 ரிங்கிட் சுமை மட்டும் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியிருக்கிறது.

தகப்பன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வந்து தங்குவதற்காக அவர் ஒற்றை அறையை விட்டுவிட்டு இரண்டு அறை வீடு எடுத்திருக்கலாம். மெத்தை, மேசை, படிக்க விளக்கு வாங்கியிருக்கலாம். பள்ளி வேனை நிறுத்தி அவரே காரில் கொண்டுபோய் விடலாம். அப்படியானால் அந்தச் செலவும் கணக்கில் சேர வேண்டும். மூத்த மகன் முழுமையாகத் தகப்பனிடமே வந்துவிட்டால், இருவருக்கும் என்று விதித்த 800-ஐ அவர் இன்னும் அப்படியே கொடுத்துக்கொண்டிருப்பதும் நியாயம் ஆகாது. அங்கே குறைக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எனவே நாம் சொல்வது, குறைக்கவே கூடாது என்பதல்ல. நாள்களை எண்ணிப் பணத்தை வகுக்கக் கூடாது என்பதுதான். நாள் மாறும்போது எந்தச் செலவு உண்மையில் இடம் மாறியது, எது மாறவில்லை என்று இருவரும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சில நாடுகளில் இரவுகளை எண்ணுவதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு 52 முதல் 103 இரவு வரை பிள்ளை பணம் கொடுப்பவரிடம் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 முதல் 155 வரை ஏழில் இரண்டு. 156 முதல் 174 வரை ஏழில் மூன்று. அதற்கு மேல் பாதி குறையும். கணக்கு தெளிவாக இருப்பது ஒரு நன்மைதான். ஆனால் 103-ஆம் இரவுக்கும் 104-ஆம் இரவுக்கும் இடையில் பணம் நிற்கும்போது, ஒரு இரவுக்காகவும் வழக்காட மனிதர்கள் தயங்கமாட்டார்கள். நம் சட்டத்தில் அத்தகைய இரவு அட்டவணை இல்லை. தகப்பனின் சக்தியையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார். ஆகவே ஆதாரமும் நேர்மையான கணக்கும் நம்மிடம் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

வாய்ப்பேச்சு போதாது

நம் சமுதாயத்தில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது நல்ல பழக்கம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்ற ஆணை ஒன்று இருக்கும்போது, அதை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது. ஆணை 800 என்று நிற்கிறது. பெரியவர்கள் முன்னிலையில் 400 என்று பேசிக்கொள்கிறார்கள். யாரும் எழுதவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மனக்கசப்பு வருகிறது. தாய் ஆணையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகிறார். 24 மாதத்திற்கு 400 வீதம் 9,600 ரிங்கிட் பாக்கி என்று தகப்பன் மீது கோரிக்கை வருகிறது. "பேசி முடித்தோமே" என்கிறார் அவர். பேசிய பெரியவர்களில் ஒருவர் மௌத்தாகியிருப்பார், ஒருவர் ஊருக்குப் போயிருப்பார்.

இதே தவறு தாய் பக்கமும் நடக்கிறது. தகப்பன் நல்ல மனத்தோடு, "மகள் இடைநிலைப் பள்ளி போகும்போது 300 கூட்டித் தருகிறேன்" என்கிறார். எழுத்தில் இல்லை. மறுமணம் ஆகிறது, புதிய பொறுப்புகள் வருகின்றன, வாக்கு மறந்துபோகிறது.

சட்டம் இதற்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டால், அல்லது முதல் ஆணை தவறான தகவலின் பேரில் பெறப்பட்டிருந்தால், நஃபகா ஆணையை மாற்றவோ ரத்து செய்யவோ நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டில், "இதை மாற்றக் கூடாது" என்று எழுதியிருந்தால்கூட, பிள்ளையின் நலனுக்கு நியாயம் என்று கண்டால் நீதிமன்றம் மாற்றலாம். பிள்ளை வீடு மாறியது, தகப்பனுக்கு வேலை போனது, சம்பளம் கூடியது, பிள்ளைக்கு நீண்ட நோய் வந்தது, இவையெல்லாம் விண்ணப்பிக்கத் தக்க காரணங்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ பேர் வருமானம் இழந்தார்கள். வருமானம் போனது உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்காமல் பேசாமல் இருந்தால் பழைய தொகை பாக்கியாகச் சேர்ந்துகொண்டே போகும். கொடுக்க முடியாத தகப்பனுக்கும் பாதுகாப்பு விண்ணப்பத்தில்தான் இருக்கிறது, ஒளிந்துகொள்வதில் இல்லை.

தாயின் மறுமணம் பற்றியும் தெளிவு வேண்டும். பிள்ளைக்கு மஹ்ரம் அல்லாத ஒருவரைத் தாய் மணந்து, அதனால் பிள்ளையின் நலன் பாதிக்கப்படும் என்றால், ஹளானா உரிமையை அவர் இழக்கக்கூடும். அந்த மணம் முறிந்தால் உரிமை திரும்பவும் வரும். ஆனால் மறுமணத்தால் தகப்பனின் நஃபகா கடமை தீர்ந்துவிடாது. "புதிய கணவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கழுவிவிட முடியாது. மாற்றாந்தந்தை அன்பினால் செய்வது அவருக்கு நன்மை. அது தகப்பனின் கடனை அடைப்பதில்லை.

அதேபோலப் பிள்ளையைப் பார்க்கும் உரிமையையும் பணத்தையும் பண்டமாற்று ஆக்கக் கூடாது. "பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பதும் தவறு. "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன்" என்பதும் தவறு. பார்ப்பதும் பிள்ளையின் உரிமை, பராமரிப்பும் பிள்ளையின் உரிமை. ஒன்றை நிறுத்தினால் மற்றதையும் நிறுத்துவது, ஒரு பக்கம் பட்டினி கிடக்கும் பிள்ளையை மறுபக்கமும் பட்டினி போடுவதாகும்.

ஊரில் உறவுள்ளவர்கள் அறிய ஒன்று. இந்தியாவில் 1986-இல் வந்த முஸ்லிம் பெண்கள் சட்டத்தைக் காட்டி, மணவிலக்குக்குப் பின் பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரைதான் தகப்பன் கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளின் பராமரிப்பு உரிமை தாயின் உரிமையிலிருந்து தனியானது, அது இரண்டு ஆண்டோடு முடிவதில்லை என்று தீர்ப்பளித்தது. இங்கும் நம் சட்டத்தில் ஆணை பொதுவாக 18 வயதில் முடிகிறது. ஆயினும் மேற்படிப்புக்காக நீட்டிக்கக் கேட்கலாம். மணமாகாத மகளுக்கும், உடல் அல்லது மனக் குறையால் தன்னைத்தானே பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் உரிய ஆணை 18 வயது என்பதற்காக முடிந்துவிடுவதில்லை. நம் முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கான குடும்பச் சட்டத்திலும் 2018 டிசம்பர் முதல் மேற்படிப்பு முடியும்வரை பராமரிப்பு என்ற திருத்தம் நடப்புக்கு வந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஏற்பாட்டை மாற்ற நினைக்கும் குடும்பங்களுக்கு எங்கள் குழு சொல்லும் வழி இதுதான்.

முதலாவதாக, மாற்றத்திற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை பெட்டியைக் கட்டிய பிறகு பணத்தைப் பேசினால் அது பேரம் ஆகிவிடும்.

இரண்டாவதாக, எழுதுங்கள். பிள்ளை எந்தெந்த நாள் எங்கே, பெருநாள் எங்கே, பள்ளி விடுமுறை எங்கே, மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், பள்ளி திறக்கும் மாதச் செலவு யாருடையது, மருத்துவமனைச் செலவு எப்படி, பெருநாள் துணி யார் எடுப்பது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு வாரநாள் நிலையாக இருக்காது. ஷிப்ட் மாறினால் நாள் எப்படி மாறும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஓவர்டைம் கூடிய மாதமும் குறைந்த மாதமும் உண்டு. ஆகவே அடிப்படைத் தொகை ஒன்று நிலையாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, எழுதியதை ஆணை ஆக்குங்கள். கிள்ளானில் ஷரியா கீழ்நீதிமன்றம் இருக்கிறது. வழக்கு என்றதும் சண்டை என்று பயப்பட வேண்டாம். 2002 முதல் சிலாங்கூர் ஷரியா நீதிமன்றங்களில் சுல்ஹு அமர்வு நடக்கிறது. நீதிபதி முன் செல்வதற்கு முன்பு, இருவரும் ஒரு சுல்ஹு அதிகாரியின் முன் மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். உடன்பாடு ஏற்பட்டால் அதை நீதிபதி பதிவு செய்து ஆணையாக்குகிறார். நம் பெரியவர்கள் திண்ணையில் செய்த வேலைதான் இது. எழுத்தும் முத்திரையும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவதாக, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ஒரு கையெழுத்து வாங்குங்கள். இது சந்தேகத்தினால் அல்ல. கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது நம் மார்க்கம்.

ஐந்தாவதாக, பணம் வராமல் போனால் சும்மா இருக்காதீர்கள், சபையில் ஏசவும் வேண்டாம். ஷரியா நீதித்துறையின் குடும்ப ஆதரவுப் பிரிவு, நஃபகா ஆணையை நிறைவேற்ற உதவுவதற்கென்றே இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள், தகுதி இருந்தால், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம். பாரம் நிரப்ப, மலாய்க் கடிதம் எழுத, உடன் வர ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழு இருக்கிறது.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

நாம் கல்யாணத்திற்குக் கூடுகிறோம், மையித்திற்குக் கூடுகிறோம். மணவிலக்கு ஆன வீட்டுக்கு மட்டும் போவதில்லை. பிரிந்த தாயின் பிள்ளைகள் குடும்ப தினத்திற்கு வரத் தயங்குகிறார்கள். பிரிந்த தகப்பன் தொழுகைக்கு வந்துவிட்டு, யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பின்வாசல் வழியாகப் போகிறார். இவர்கள் இருவரும் நம் உறுப்பினர்களே. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டதா என்று கேட்பது நம் வேலை.

ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் தமக்கும் பிள்ளைக்கும் போதிய அளவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, உனக்கும் பிள்ளைக்கும் முறைப்படி போதுமானதை எடுத்துக்கொள் என்று வழிகாட்டினார்கள். போதுமானது, முறைப்படி. இந்த இரண்டு வார்த்தைகளில் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்தே எல்லை இருக்கிறது. போதாமல் கொடுப்பதும் தவறு, முறைதவறிப் பிடுங்குவதும் தவறு.

இந்த 50 ஆண்டுகளில் நம் சங்கம் இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நின்றிருக்கிறது. அடுத்த தலைமுறையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கூடுவார்கள். அவர்களில் ஒருவர்கூட, "என்னால்தான் அத்தாவும் அம்மாவும் பணத்திற்குச் சண்டை போட்டார்கள்" என்ற நினைப்போடு வளரக் கூடாது. அதற்காக நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. மாற்றம் வரும்போது உட்கார்ந்து பேசச் செய்வதும், பேசியதை எழுதச் செய்வதும், எழுதியபடி நடக்கத் துணை நிற்பதும்தான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. பிரிந்தவர்களின் உள்ளங்களில் நீதியையும் நிதானத்தையும் தருவானாக. நம் சங்கத்தின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.